குமுளிப் பலகைகளும் ஆங்கிலத் தொகைச் சொற்களும்

கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் தாண்டி மலையேறி, தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் குமுளியில் இறங்கியதும் கண்ணில் படுவது பலகைகள்தான். இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் மலையாளம், இரண்டு பக்கமும் ஆங்கிலம். செக் போஸ்ட், பஸ் ஸ்டாண்ட், ஸ்பைஸ் கார்டன், ஹோம் ஸ்டே, ஜீப் சஃபாரி, டைகர் ரிசர்வ், போட் லேண்டிங். ஒவ்வொன்றிலும் இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. 'ஆஃப்' இல்லை, 'ஃபார்' இல்லை, 'இன்' இல்லை. ஆனாலும் பொருள் குழம்பாமல் வந்துவிடுகிறது.

ஆங்கில இலக்கணம் இவற்றை காம்பவுண்ட் நவுன் என்கிறது. தமிழில் தொகைச்சொல் என்று சொல்லலாம். நான் இங்கே மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள், ஜீப் ஓட்டுகிறவர்கள், ஹோம் ஸ்டேயில் வேலை பார்க்கும் பெண்கள் வருவார்கள். பெரும்பாலும் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள். "டீச்சர், எங்களுக்கு கிராமரே வராது" என்று சொல்லிக்கொண்டேதான் உட்காருவார்கள். அதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அது உண்மை இல்லை. குறிப்பாக இந்தத் தொகைச்சொல் விஷயத்தில் தமிழ் தெரிந்தவருக்குப் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரியும். அது தெரியும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆங்கில வாக்கியம் தமிழுக்கு எதிர்த்திசையில் ஓடும். நாம் வினையைக் கடைசியில் வைப்போம், அவர்கள் நடுவில் வைப்பார்கள். நாம் 'மலைக்கு மேலே' என்போம், அவர்கள் 'மேலே' என்பதை முதலில் சொல்லிவிட்டு மலைக்கு வருவார்கள். நம் பிள்ளைகள் திணறுவது இந்தத் திசை மாற்றத்தில்தான். ஆனால் தொகைச்சொல்லுக்குள் நுழைந்துவிட்டால் ஆங்கிலமும் தமிழும் ஒரே திசையில் ஓடுகின்றன. கேரளா ஸ்டேட் ரோடு டிரான்ஸ்போர்ட் கார்ப்பரேஷன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். கேரள மாநில சாலைப் போக்குவரத்துக் கழகம். ஐந்து சொல்லுக்கு ஐந்து சொல், அதே வரிசை. ஒன்றைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. முதன்முதலில் இதைக் கரும்பலகையில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக் காட்டும்போது வகுப்பில் முகங்கள் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

இரண்டு மொழியிலும் கடைசிச் சொல்தான் தலைவர். அதற்கு முன்னால் வருவது எதுவானாலும் அந்தக் கடைசிச் சொல்லை விளக்க வந்ததுதான். டைகர் ரிசர்வ் என்றால் ஒரு வகை ரிசர்வ், ஒரு வகைப் புலி அல்ல. பெரியாறு சரணாலயம் 1978இல் டைகர் ரிசர்வ் ஆனது. புலிக்காக ஒதுக்கிய காடு என்று பொருள். சொற்களை இடம் மாற்றிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஆலப்புழையில் காயலில் மிதப்பது ஹவுஸ் போட், அது ஒரு படகு. கொடைக்கானல் ஏரிக்கரையில் இருப்பது போட் ஹவுஸ், அது ஒரு கட்டடம். அதே இரண்டு சொற்கள்தான், கடைசியில் நிற்பது மாறியதும் பொருளே மாறிவிட்டது.

பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன ஆறு தொகைகளை இங்கே தூசி தட்டி எடுக்கலாம். வேற்றுமைத்தொகை, வினைத்தொகை, பண்புத்தொகை, உவமைத்தொகை, உம்மைத்தொகை, அன்மொழித்தொகை. தொல்காப்பியம் சொல்வதும் ஆறு, நன்னூல் சொல்வதும் ஆறு. அவற்றை வைத்தே ஆங்கிலத்தைப் பிரித்துப் பார்க்கிறோம். பஸ் டிரைவர், பஸ்ஸை ஓட்டுகிறவர்: இரண்டாம் வேற்றுமை. பிளாக்போர்டு பண்புத்தொகை. லோயர் கேம்பிலிருந்து ஏறும் பாதையில் வருகிற ஹேர்பின் பெண்டு உவமைத்தொகை. தலையில் செருகும் ஊசி மாதிரி வளைந்த வளைவு. நம் நெடுஞ்சாலைத் துறை 'கொண்டை ஊசி வளைவு' என்று பலகை வைத்திருக்கிறது, அதுவும் தொகையாகவே.

உம்மைத்தொகையில் கொஞ்சம் கவனம் வேண்டும். தாய்தந்தை என்றால் நமக்கு இரண்டு பேர். ஆங்கிலத்தில் ஒருவரை ஆக்டர் டைரக்டர் என்றால் ஒரே ஆள் இரண்டு வேலையும் செய்கிறார் என்று பொருள். இரண்டு பேரைச் சேர்த்துச் சொல்ல அவர்கள் 'அண்ட்' போட்டுத்தான் ஆக வேண்டும். அன்மொழித்தொகை அங்கே குறைவு, ஆனால் இருக்கிறது. பேப்பர்பேக் என்பது ஒரு வகை முதுகு அல்ல, மெல்லிய அட்டை போட்ட புத்தகம். பிக்பாக்கெட் என்பது பாக்கெட் அல்ல, பாக்கெட்டில் கைவிடும் ஆள். நம் ஊரில் 'பிக்பாக்கெட் அடிச்சுட்டான்' என்று அந்தச் செயலுக்கே பெயராக்கிவிட்டோம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் திருடனைத்தான் குறிக்கும். வெளிநாட்டு விருந்தினரிடம் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சரி, இரண்டு பெயர்ச்சொற்களுக்கு நடுவில் மறைந்திருக்கும் உறவை எப்படிக் கண்டுபிடிப்பது? இலக்கணம் அதற்கு ஓரளவுதான் உதவும். மீதியை உலக அறிவு சொல்ல வேண்டும். கோகனட் ஆயில் தேங்காயிலிருந்து எடுப்பது. ஹேர் ஆயில் முடிக்குத் தடவுவது. பேபி ஆயிலைக் குழந்தையிலிருந்து யாரும் எடுப்பதில்லை. இங்கே கடைத்தெருவில் கார்டமம் டீ என்றால் ஏலக்காய் போட்ட தேநீர், கார்டமம் எஸ்டேட் என்றால் ஏலம் விளையும் தோட்டம், கார்டமம் ஆக்‌ஷன் என்றால் ஏலக்காயை விற்கும் ஏலம். முதல் சொல் ஒன்றுதான், உறவு மூன்று.

இந்த மறைந்திருக்கும் உறவு சில இடங்களில் வெறும் பாடமாக இருப்பதில்லை. கார்டமம் ஹில் ரிசர்வ் என்ற பெயரை இடுக்கியில் கேட்காத வீடு கிடையாது. அது ஏலச் சாகுபடிக்கு ஒதுக்கிய மலையா, ஏலமலையில் இருக்கும் வனமா? அந்த நிலம் வனத்துறைக்கா வருவாய்த் துறைக்கா என்ற வழக்கு பெரிய வழக்கு. திருவிதாங்கூர் காலத்து அறிவிப்புகள், வரைபடங்கள், அரசாணைகள் எல்லாவற்றையும் வைத்துத்தான் அதற்குத் தீர்வு வரும், இலக்கணம் தீர்க்காது. ஆனால் மூன்று பெயர்ச்சொற்களை அடுக்கிவிட்டால் உறவை வாசிப்பவர்தான் நிரப்ப வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த மண்ணில் வீடு கட்டிக் குடியிருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. அவர்கள் வீட்டில் தினமும் பேசும் விஷயம் அது.

அடுத்து, எண்ணிக்கை. தொகையின் முதல் சொல் பொதுவாக ஒருமையில் நிற்கும். எத்தனை பல் இருந்தாலும் டூத் பிரஷ்தான். எத்தனை புத்தகம் விற்றாலும் புக் ஷாப்தான். தமிழிலும் இதே கதை: புத்தகக் கடை என்போம், 'புத்தகங்கள் கடை' என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 'ஐந்து ஏக்கர் தோட்டம்', 'பத்து ரூபாய் நோட்டு' என்று வாய் தானாகவே ஒருமையில் சொல்கிறது. ஆனால் ஆங்கிலம் எழுத உட்கார்ந்ததும் 'எண் வந்தால் எஸ் போடு' என்று பள்ளியில் அடித்துச் சொன்னது முன்னால் வந்து நிற்கும். உடனே 'ஃபைவ் ஏக்கர்ஸ் எஸ்டேட்', 'டென் ருபீஸ் நோட்'. அந்த எஸ் வேண்டாம். ஃபைவ் ஏக்கர் எஸ்டேட், டென் ருபீ நோட்; எழுதும்போது எண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் ஒரு சிறு கோடு. முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை நீரைத் தேக்க உச்ச நீதிமன்றம் 2014இல் அனுமதித்தது. அந்த நீர்மட்டத்தைத் தொகையாக எழுதினால் '142 ஃபுட் வாட்டர் லெவல்', 'ஃபீட்' அல்ல. விரித்து எழுதினால் 'எ வாட்டர் லெவல் ஆஃப் 142 ஃபீட்', அங்கே ஃபீட் வேண்டும்.

விதிவிலக்குக்கும் உதாரணம் இந்த மலையிலேயே இருக்கிறது. டீ போர்டு, காஃபி போர்டு, ரப்பர் போர்டு எல்லாம் ஒருமை. முன்பு இருந்த கார்டமம் போர்டும் ஒருமை. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்து 1987இல் செயல்படத் தொடங்கிய வாரியத்துக்கு மட்டும் ஸ்பைசஸ் போர்டு என்று பன்மைப் பெயர். தேயிலையும் காப்பியும் ஒவ்வொரு பொருள், நறுமணப் பொருள்களோ பல. பலவற்றையும் ஒரு கூரைக்குள் கொண்டுவந்த நிறுவனம் என்பதைப் பன்மை காட்டுகிறது. கடைக்கு ஸ்பைஸ் ஷாப் என்றால் போதும், வாரியத்துக்கு ஸ்பைசஸ் போர்டு. இதே போல கஸ்டம்ஸ் ஆபீசர், கூட்ஸ் டிரெயின், சேவிங்ஸ் அக்கவுண்ட், ஸ்போர்ட்ஸ் டே. இவற்றில் எஸ்ஸை எடுத்தால் பொருள் மாறும், அல்லது சொல்லே நிற்காது. இந்தச் சிலவற்றை அப்படியே மனதில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

முழுச் சொல்லையும் பன்மையாக்க வேண்டுமானால் தலைச்சொல்லுக்கு எஸ். செக் போஸ்ட்ஸ், டிக்கெட் கவுன்டர்ஸ். மாமியார்கள் என்றால் மதர்ஸ் இன் லா, ஏனென்றால் அங்கே தலை 'மதர்'. அதே காரணத்தால் பாஸர்ஸ் பை, ரன்னர்ஸ் அப்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஓர் இடம் உண்டு. பெண் டிரைவர் ஒருவர் என்றால் உமன் டிரைவர். பலர் என்றால் விமன் டிரைவர்ஸ். இரண்டு சொல்லும் பன்மை. மனிதரைத் தின்னும் புலி ஒன்று என்றால் மேன் ஈட்டர். பல என்றால் மேன் ஈட்டர்ஸ், 'மென் ஈட்டர்ஸ்' கிடையாது. ஏன் இந்த வேறுபாடு? பல ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் இரண்டையும் தனித்தனி விதியாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். நம் இலக்கணத்தில் ஒரே கேள்வியில் விடை கிடைக்கிறது. பெண்களாகிய டிரைவர்கள், இது இருபெயரொட்டுப் பண்புத்தொகை. இரண்டு சொல்லும் ஒரே ஆட்களைக் குறிக்கின்றன, அதனால் இரண்டும் சேர்ந்து பன்மையாகின்றன. மனிதரைத் தின்பவை, இது வேற்றுமைத்தொகை. மனிதர் வேறு, தின்பது வேறு, அதனால் தின்பது மட்டும் பன்மையாகிறது. 'ஆகிய' போட்டுப் பார், 'ஐ' போட்டுப் பார். எது பொருந்துகிறது என்று தெரிந்தால் எஸ் எங்கே விழும் என்றும் தெரிந்துவிடும். தமிழ்ப் பாடத்தை வெறும் மதிப்பெண்ணுக்கு என்று நினைத்திருந்த பிள்ளைகள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இதுவரை தமிழ் கை கொடுத்தது. இனி சொல்லப் போவதைத் தனியாகப் பழக வேண்டும். அது அழுத்தம்.

இரண்டு சொற்கள் ஒட்டித் தொகையாகிவிட்டன என்பதை நாம் பல இடங்களில் ஒற்றால் காட்டுகிறோம். மலைப்பாதை, தேயிலைத் தோட்டம், பச்சைக்கிளி. ஒட்டும் விதம் வேறானால் ஒற்று வராது: செடிகொடி, ஊறுகாய். எழுத்திலும் தெரியும், காதிலும் விழும். ஆங்கிலம் அந்த வேலையை அழுத்தத்தால் செய்கிறது. கிரீன்ஹவுஸ் என்பதில் 'கிரீன்' ஓங்கி ஒலித்தால் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம். 'ஹவுஸ்' ஓங்கி ஒலித்தால் பச்சைச் சாயம் அடித்த வீடு. 'பிளாக்' ஓங்கினால் வகுப்பறைக் கரும்பலகை, 'போர்டு' ஓங்கினால் கறுப்பு நிறத்தில் ஏதோ ஒரு பலகை. 'இங்கிலீஷ்' ஓங்கினால் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர், 'டீச்சர்' ஓங்கினால் இங்கிலாந்துக்கார ஆசிரியர்.

தமிழ் பேசும்போது ஒரு சொல்லை ஓங்கி ஒலித்துப் பொருளை மாற்றும் பழக்கம் நமக்கு இல்லை. அதனால் எல்லாச் சொல்லையும் ஒரே சமமாகச் சொல்லிவிடுவோம். கேட்பவர் பெரும்பாலும் புரிந்துகொள்வார், ஆனாலும் ஒரு நொடி தயங்குவார். அந்த ஒரு நொடியில்தான் நம் பெண்கள் 'நம்ம இங்கிலீஷ் சரியில்லை போல' என்று குரலைத் தாழ்த்திவிடுகிறார்கள். அதனால் இதற்கு வகுப்பில் நிறைய நேரம் கொடுக்கிறேன். முதல் சொல்லில் மேசையைத் தட்டச் சொல்வேன். பஸ் ஸ்டாண்ட், டிக்கெட் கவுன்டர், ஜீப் டிரைவர்; தட்டு எல்லாம் முதல் சொல்லில்.

அழுத்தம் எப்போதும் முதல் சொல்லில்தான் என்று எழுதி முடித்துவிடலாம் என்றால் ஆங்கிலம் விடாது. முதல் சொல் எதனால் ஆனது என்று சொன்னால் அழுத்தம் பெரும்பாலும் இரண்டாவதற்குப் போகும்: காட்டன் ஷர்ட்டில் 'ஷர்ட்', ஸ்டோன் வாலில் 'வால்'. ஆனால் ஆப்பிள் பையில் 'பை' ஓங்கும், ஆப்பிள் கேக்கில் 'ஆப்பிள்' ஓங்கும். தெருப்பெயர்களில் ஸ்ட்ரீட் என்று முடிந்தால் முன்சொல் ஓங்கும், ரோடு என்று முடிந்தால் ரோடே ஓங்கும். இதற்கெல்லாம் விதி தேடிக்கொண்டிருக்காமல் காதால் கேட்டுப் பழகுவதே நல்லது.

'இங்' என்று முடியும் சொற்களிலும் இந்த அழுத்தம்தான் துணை. ஸ்லீப்பிங் பேக் என்பது தூங்குகிற பை அல்ல, உள்ளே புகுந்து தூங்குவதற்கான பை. அழுத்தம் 'ஸ்லீப்பிங்' மேல். ஸ்லீப்பிங் பேபி என்றால் தூங்குகிற குழந்தை. அழுத்தம் 'பேபி' மேல். டிரிங்கிங் வாட்டர், வாக்கிங் ஸ்டிக் எல்லாம் முதல் வகை. குடிநீர் என்ற நம் வினைத்தொகையும் அப்படித்தான், நீர் எதையும் குடிப்பதில்லை.

ஹோம் ஸ்டேயில் வேலை செய்கிறவர்களுக்கு நான் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவது இது: டீ கப் வேறு, கப் ஆஃப் டீ வேறு. டீ கப் என்றால் பாத்திரம், காலியாகக்கூட இருக்கலாம். கப் ஆஃப் டீ என்றால் குடிக்கக் கொடுக்கும் தேநீர். விருந்தினரிடம் 'டீ கப் வேண்டுமா' என்று கேட்டால் அவர் வெறும் கோப்பையைத்தான் நினைப்பார். மேட்ச் பாக்ஸ் பெட்டி. பாக்ஸ் ஆஃப் மேட்சஸ் என்றால் உள்ளே குச்சி இருக்கிறது. நாமும் 'டீ கப்பு உடைஞ்சுபோச்சு', 'ஒரு கப் டீ கொடு' என்று பிரித்துத்தானே சொல்கிறோம்.

அப்புறம் மேற்குறி எஸ், அதாவது அபாஸ்டிரஃபி போட்ட எஸ். ஜீப் டிரைவர் என்பது தொழிலின் பெயர். குறிப்பிட்ட ஒரு ஜீப்பை ஓட்டி வந்தவரைச் சொல்ல வேண்டுமானால் 'தட் ஜீப்ஸ் டிரைவர்'. 'ஜீப் டிரைவர்', 'அந்த ஜீப்போட டிரைவர்' என்று நாம் பிரிப்பது போலவே. வகையைச் சொன்னால் தொகை, ஒன்றைச் சுட்டிச் சொன்னால் உருபு.

எழுத்தில் சேர்ப்பதா, பிரிப்பதா, நடுவில் கோடா என்று கேட்காத மாணவர் இல்லை. இந்தத் தெருவிலேயே ஹோம் ஸ்டே என்பதை மூன்று விதமாகவும் எழுதிய பலகைகள் இருக்கின்றன. மலையாளம் நீளமாகச் சேர்த்தே எழுதும் மொழி, அதில் பழகிய பிள்ளைகள் ஆங்கிலத்தையும் ஒட்டிவிடுவார்கள். தமிழ்ப் பிள்ளைகள் பிரித்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் இதற்கு நிலையான விதி கிடையாது. புதிதாக வரும் தொகை பிரிந்து நிற்கும், பழகப் பழகக் கோடு போட்டுக்கொள்ளும், பிறகு ஒட்டிக்கொள்ளும். 2007இல் ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆறாம் பதிப்பு சுமார் 16,000 சொற்களிலிருந்து கோட்டை எடுத்துவிட்டது. இமெயில் நடுவில் கோட்டோடுதான் இருந்தது; அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு 2011இல் கோட்டை நீக்கியது. நல்ல அகராதி ஒன்றைப் பார்த்து அதன்படியே ஒரு கடிதம் முழுக்க எழுதினால் போதும். ஓர் இடத்தில் மட்டும் கோட்டை விடவே கூடாது. 'மேன் ஈட்டிங் டைகர்' என்பதில் முதல் இரண்டு சொல்லுக்கு நடுவில் கோடு இருந்தால் ஆள்கொல்லிப் புலி. கோடு இல்லாவிட்டால் ஒரு மனிதன் புலியைத் தின்கிறான்.

எல்லை தாண்டினால் தொகையும் மாறும் என்பதையும் சொல்ல வேண்டும். கம்பத்தில் பெட்ரோல் பங்க், குமுளியில் பெட்ரோல் பம்ப். இரண்டும் இந்திய ஆங்கிலம், இரண்டும் சரி. லண்டனிலிருந்து வந்தவரிடம் பெட்ரோல் ஸ்டேஷன் என்றால் உடனே பிடிபடும். செக் போஸ்ட்டும் நம் நாட்டுப் பக்கத்துச் சொல்தான், வெளியில் செக்பாயிண்ட் என்பார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் வணிகவரிச் செக் போஸ்ட்கள் போய்விட்டன. ஆனால் மதுவிலக்கு, வனத்துறை என்று வேறு சோதனைகள் இருப்பதால் சொல் போகவில்லை. ஊரில் வழங்கும் சொல்லைத் தவறு என்று பிள்ளைகளிடம் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. வெளியாட்கள் என்ன சொல்வார்கள் என்பதைக் கூடுதலாகச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

கடைசியாக, நீளமான அடுக்குகள். ஆங்கிலப் பத்திரிகைத் தலைப்பு 'பார்டர் செக் போஸ்ட் ஸ்டாஃப் ஷார்ட்டேஜ் புரோப்' என்று வந்தால் முதலில் வால் பக்கம் போக வேண்டும். புரோப், விசாரணை. எதைப் பற்றி? பற்றாக்குறை. யாருடைய பற்றாக்குறை? ஊழியர்களின். எந்த ஊழியர்? எல்லைச் சோதனைச் சாவடி ஊழியர். பிடிபட்டதும் முன்னாலிருந்து சொல்லுங்கள்: எல்லைச் சோதனைச் சாவடி ஊழியர் பற்றாக்குறை விசாரணை. தமிழ்த் தலைப்பே தயார்.

படிப்பதற்கு இது சரி. எழுதும்போது இப்படி அடுக்கக் கூடாது. தமிழ் மனுவில் 'பொருள்' என்று எழுதும் வரி அடுக்கடுக்காக நீளும், அந்தப் பழக்கத்தில் ஆங்கில விண்ணப்பத்திலும் 'எஸ்டேட் வொர்க்கர் சில்ட்ரன் ஸ்கூல் பஸ் டைமிங் சேஞ்ச் ரிக்வெஸ்ட்' என்று எழுதிக் கொண்டுவருவார்கள். அதில் ஏற்கெனவே வழக்கத்தில் ஒட்டிப்போன ஜோடிகளை மட்டும் விட்டுவைப்போம்: எஸ்டேட் வொர்க்கர், ஸ்கூல் பஸ். மற்றதை 'டு', 'ஆஃப்', 'ஃபார்' போட்டு விரிப்போம். 'ரிக்வெஸ்ட் டு சேஞ்ச் த டைமிங் ஆஃப் த ஸ்கூல் பஸ் ஃபார் த சில்ட்ரன் ஆஃப் எஸ்டேட் வொர்க்கர்ஸ்.' தொகையில் மறைந்துபோன உருபுகளைத் திரும்ப எடுத்து வைக்கிறோம். மாணவி ஒருத்தி இப்படித் திருத்திய வரியைத் தன் குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொரு 'ஆஃப்' மேலும் தமிழில் 'இன்' என்றும், ஒவ்வொரு 'ஃபார்' மேலும் 'கு' என்றும் பென்சிலால் குறித்துவைத்திருந்தாள். இப்போது வகுப்பில் எல்லோரையும் அப்படித்தான் எழுதச் சொல்கிறேன்.